கூடத்தில் யாரும் தூங்கக் கூடாது

கம்ப்யூட்டரைத் தூங்க வைக்காதீர்கள் என்று அண்ணியிடம் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. எனக்கு வாய் வலிக்கிறது என்றால் அது லேசுப்பட்ட விஷயம் இல்லை. பேசுவதுதான் என் பிழைப்பு. ஒரு பெரிய பல்பொருள் அங்காடியில் மைக் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "மூன்றாவது வரிசையில் எண்ணெய் கொட்டியிருக்கிறது, பார்த்து நடக்கவும்" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அண்ணன் எனக்கு வைத்த பெயர் ரேடியோ. ஆத்திரம் வந்தால், அணைக்க முடியாத ரேடியோ.

அந்தக் கடையை மூடிவிட்டார்கள். நான் பெட்டியையும் மைக்கையும் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்றாவது மாடி. இரண்டு அறைகள், நடுவில் ஒரு கூடம், கூடத்தில் ஒரு மேஜை, மேஜைமேல் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில்தான் நானும் அண்ணியும் இரண்டு குடித்தனம் நடத்தினோம்.

அண்ணி ஒரு மரக்கடையில் சமையலறை அலமாரிகளுக்குப் படம் வரைகிறவள். அந்தப் படம் வரையும் மென்பொருள் எல்லார் வீட்டிலும் இருக்கிற வழக்கமான சிஸ்டத்தில்தான் ஓடும். என் குரலைப் பதிவு செய்து, வெட்டி, ஒட்டி, இரைச்சலைத் துடைக்கிற மென்பொருளோ லினக்ஸ் என்கிற இன்னொரு சிஸ்டத்தில்தான் எனக்குக் கை வரும். ஆளுக்கொரு கம்ப்யூட்டர் வாங்குகிற நிலைமையில் யாரும் இல்லை. ஆகவே ஒரே பெட்டிக்குள் இரண்டையும் ஏற்றினேன். பொத்தானை அமுக்கினால், "யார் பக்கம் போக வேண்டும்?" என்று அது கேட்கும். அண்ணி பக்கம், இல்லையென்றால் பென்குவின் பக்கம். பென்குவின் படம் போட்ட பக்கம் என்னுடையது.

உள்ளே இருக்கும் டிஸ்க்கை மூன்றாகப் பிரித்திருந்தேன். அண்ணிக்கு ஒன்று, எனக்கு ஒன்று, நடுவில் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கோப்புகள் அங்கேதான் இருக்கும். அதற்குக் 'கூடம்' என்று பெயர் வைத்தேன். அண்ணி பக்கத்தில் எந்த மென்பொருள் எதைச் சேமித்தாலும் அது நேரே கூடத்துக்கு வந்து விழுகிற மாதிரி நானே அமைத்தும் கொடுத்தேன். ஏனென்றால் அண்ணி முன்பு ஒரு படத்தைச் சேமித்துவிட்டு, அது எங்கே போனது என்று தெரியாமல் வீட்டையே இரண்டாக்கியிருந்தாள். அன்றிலிருந்து சேமி என்ற பொத்தானைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

"சேமிச்சாதான்டி தொலையுது," என்பாள். "தூங்க வச்சா, எழுந்ததும் வச்ச இடத்துல வச்சபடி இருக்கு. எது நல்லது, நீயே சொல்லு."

வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு, கம்ப்யூட்டரை அப்படியே ஆழ்ந்த தூக்கத்தில் போட்டுவிட்டுப் போய்விடுவாள். அவளுக்கு அது சௌகரியம். எனக்குத்தான் வம்பு. அண்ணி பக்கம் தூங்கும்போது, கூடம் எப்படி இருந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டு தூங்குகிறது. அது தூங்கும் நேரத்தில் நான் போய் நாற்காலியை நகர்த்தி வைத்தால், அது எழுந்து பழைய ஞாபகத்தில் நடந்து முட்டிக்கொள்ளும், கோப்புகள் நாசமாகிவிடும். அதனால் பென்குவின் ரொம்பப் பொறுப்பாக, "அந்தப் பக்கம் தூங்குகிறது. கூடத்தைப் பார்க்கலாம், எதையும் வைக்கக் கூடாது" என்று சொல்லிவிடும்.

ஒரு சீட்டில் 'கூடத்தில் யாரும் தூங்கக் கூடாது' என்று எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினேன். அண்ணி அதை ரசித்துப் படித்தாள், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றாள், அதற்குக் கீழேயே கம்ப்யூட்டரைத் தூங்க வைத்துவிட்டுப் போனாள். போதாக்குறைக்கு ஒரு நாள் தன் பக்கத்துக்குக் கடவுச்சொல்லும் போட்டுவிட்டாள். அப்போது யாரோ ஒரு டாக்டர் வீட்டுச் சமையலறைக்குப் படம் வரைந்துகொண்டிருந்தாள். அதில் என்ன ரகசியமோ என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் கூடம் அவசரமாகத் தேவைப்படாதவரை சண்டை வாயோடு நின்றது.

அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. அவன் பேக்கரியில் ரொட்டி போடுகிறவன். சாயங்காலம் கிளம்பிப் போவான், விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடிப்பான். பிடித்ததும் தூங்கிவிடுவான். எங்கள் நிறுத்தம் தண்ணீர்த் தொட்டி. அவன் அங்கே இறங்கியதாகச் சரித்திரம் இல்லை. பஸ் டெப்போவுக்கே போய்விடும், டிரைவர் வந்து தட்டி எழுப்புவார், இன்னொரு பஸ் ஏறித் திரும்பி வருவான். அதற்குள் அண்ணி வேலைக்குக் கிளம்பிப் போயிருப்பாள். சாயங்காலம் அவள் வரும்போது அவன் இருக்க மாட்டான். போனில் அலாரம் வைத்துப் பார்த்தான். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்தார்கள், அவன் எழவில்லை. அவனை எழுப்புவதற்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு குரல்தான் உண்டு. பள்ளிக்கூட நாளிலிருந்து நான்தான் அவன் தலைமாட்டில் நின்று கத்துவேன்.

வீட்டுக்கு வந்ததும் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவான். வானிலை பார்ப்பதாகச் சொல்வான். மாவு பொங்குவதற்கு வானிலை முக்கியமாம். பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தால் குறட்டையில் கதவு அதிரும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த விளம்பரம் வந்தது. நகரத்துப் பஸ்களில் அடுத்த நிறுத்தம் எது என்று சொல்ல ஒரு குரல் வேண்டுமாம். எனக்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்த வேலை. முதல் சுற்றில் தேறிவிட்டேன். அடுத்து எல்லா நிறுத்தங்களையும் பேசிப் பதிவு செய்து, குறிப்பிட்ட நாளில் நண்பகலுக்குள் அனுப்ப வேண்டும். தாமதமானால் பெயரை எடுத்துவிடுவார்கள். அனுப்புவதற்கு அவர்களே ஒரு மென்பொருள் கொடுத்திருந்தார்கள். அது அண்ணி பக்கத்தில்தான் ஓடும், வேறு வழியில் அனுப்பினால் செல்லாது.

இது கிடைக்காவிட்டால் எனக்குத் தயாராக இன்னொரு வேலை காத்திருந்தது. மாத்திரை அடைக்கும் கம்பெனி. காலையில் வாய்க்கு முகமூடி கட்டினால் சாயங்காலம்தான் அவிழ்க்க வேண்டும். உள்ளே பேசவே கூடாது. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வரிசையாக உட்கார்ந்து அத்தனை பேரும் மௌனமாக வேலை செய்வதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தபோது எனக்கு மூச்சு முட்டியது. அந்த ஒன்றுக்காகவாவது பஸ் வேலை கிடைத்தே தீர வேண்டும் என்று வேண்டாத தெய்வம் இல்லை.

பதிவு செய்வது அவ்வளவு சுலபமாக இல்லை. பகலில் அண்ணன் குறட்டை. 'மீன் சந்தை' என்று நான் சொன்னால் பின்னால் மீன் சந்தையே இரைகிற மாதிரி இருக்கும். கடைசியில் துணி அலமாரிக்குள் மைக்கோடு போய் உட்கார்ந்து, அண்ணியின் புடவைகளுக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டு பேசினேன். 'அடுத்த நிறுத்தம், நூலகம்.' 'அடுத்த நிறுத்தம், பெரிய மருத்துவமனை.' எல்லாம் தேன் மாதிரி வந்தது. 'தண்ணீர்த் தொட்டி' மட்டும் வம்பு செய்தது. அந்தப் பெயரைச் சொன்னாலே, தூங்கி வழிந்துகொண்டு டெப்போவுக்குப் போகிற அண்ணன் கண்முன் வருவான். குரலில் தானாக ஓர் அதட்டல் ஏறிவிடும். எத்தனை தடவை சொன்னாலும் அப்படியே வந்தது. நேரம் இல்லை, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசி நாள் காலையில் எல்லாம் முடிந்தது. பென்குவின் பக்கம் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கிவிட்டேன். இனி கூடத்தில் வைக்க வேண்டும், அண்ணி பக்கம் போக வேண்டும், அனுப்ப வேண்டும். கூடத்தில் வைக்கப் போனேன்.

'அந்தப் பக்கம் தூங்குகிறது. கூடத்தைப் பார்க்கலாம், எதையும் வைக்கக் கூடாது.'

தலையில் அடித்துக்கொண்டேன். சரி, எழுப்பி முறையாகச் சாத்திவிட்டு வருவோம் என்று அண்ணி பக்கத்துக்குப் போனேன். அது எழவில்லை. கறுப்புத் திரை, நடுவில் ஒரு சின்ன வட்டம், அது சுற்றிக்கொண்டே இருந்தது. பொத்தானை அமுக்கி அணைத்துவிட்டு மறுபடி எழுப்பினேன். அதே கறுப்பு, அதே வட்டம். பதிவுகள் மெயிலில் அடங்காது. பென்டிரைவில் போட்டுக்கொண்டு வெளியே எங்காவது ஓடலாம் என்றால், வீட்டில் இருந்த ஒரே பென்டிரைவை அண்ணன் பேக்கரியில் பாட்டுக் கேட்கக் கொண்டுபோய் வைத்திருந்தான்.

ஒரே ஒரு வழி இருந்தது. என் பக்கத்திலிருந்து அந்தத் தூக்கத்தையே கலைத்துத் தூக்கி எறிந்துவிடலாம். அப்புறம் அண்ணி பக்கம் புதிதாகத் திறக்கும், கூடமும் திறக்கும். ஆனால் அண்ணி திறந்து வைத்தது எதுவும் மிஞ்சாது. டாக்டர் வீட்டு அலமாரி போயே போய்விடும். அண்ணனை எழுப்பிக் கேட்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். வானிலை பார்க்கிறவனிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று அண்ணிக்குப் போன் செய்தேன். பின்னால் மரம் அறுக்கும் இரைச்சல்.

"அண்ணி, உங்க பக்கம் எழுந்திரிக்கவே மாட்டேங்குது!"

"மூஞ்சில தண்ணி தெளிச்சுப் பாரு."

"விளையாடாதீங்க அண்ணி, நான் அழுதுடுவேன்." விஷயத்தை ஒரே மூச்சில் கொட்டினேன். "கலைச்சா நீங்க திறந்து வச்சதெல்லாம் போயிடும் அண்ணி. ஒண்ணுகூட மிஞ்சாது."

அறுக்கும் இரைச்சல் நின்றது.

"வேற வழியே இல்லையா?" என்று கேட்டாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பல் பிடுங்கும் நாற்காலியில் உட்கார்ந்தவள் கேட்கிற மாதிரி இருந்தது.

"இருந்தா உங்ககிட்ட கேட்பேனா?"

"இன்னைக்கு அனுப்பலேன்னா?"

"மாத்திரை கம்பெனிதான். வாயைக் கட்டிக்கிட்டு."

"நீ வாயைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தா உனக்கு என்னமோ ஆயிடும்டி," என்றாள் அண்ணி. பெருமூச்சு ஒன்று வந்தது. "சரி. கலைச்சிடு."

"அண்ணி, எத்தனை நாள் உழைப்பு..."

"கலைச்சிடுன்னு சொல்றேன்ல! உன் வேலையைப் பாரு. அப்புறம் கடவுச்சொல் கேட்கும். குதிரைன்னு அடிச்சு, பக்கத்துல ரெண்டு போடு."

குதிரைக்கும் அலமாரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. அண்ணி மட்டும் அப்போது எதிரில் இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

கலைத்தேன். கூடம் திறந்தது. பதிவுகளை உள்ளே வைக்கும்போது, 'ஆட்டம்' என்ற பெயரில் முன்பின் தெரியாத கோப்பு ஒன்று அங்கே கிடப்பது கண்ணில் பட்டது. என்ன குப்பையோ என்று விட்டுவிட்டேன். அண்ணி பக்கம் போனேன், குதிரையையும் இரண்டையும் போட்டேன், அனுப்பினேன். 'பெற்றுக்கொண்டோம்' என்று பதில் வந்தபோது நண்பகலுக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நாற்காலியிலேயே சரிந்து உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். பாதி சந்தோஷம், பாதி அண்ணியை நினைத்து.

அதற்கப்புறம் கை சும்மா இருக்கவில்லை. வீட்டைக் கூட்டினேன், துடைத்தேன், அண்ணியின் துணிகளை எல்லாம் இஸ்திரி போட்டேன். நான் இஸ்திரிப் பெட்டியை வைக்கும்போது அண்ணன் எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவன் குரல் வந்தது.

"ஏய் ரேடியோ! இதை யார் தொட்டது?"

நடந்ததை எல்லாம் சொன்னேன். சொல்லும்போதே மறுபடி அழுகை வந்துவிட்டது. "அண்ணியோட அத்தனை வேலையும் போச்சு அண்ணா. என்னாலதான். ஒரு வார்த்தை திட்டலை அவங்க."

அண்ணன் திருதிருவென்று விழித்தான். அப்புறம் அவன் முகம் விரிந்தது. வாயெல்லாம் பல்லாகி, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி ஆட ஆரம்பித்துவிட்டான்.

"என் தங்கமே! என் மானத்தைக் காப்பாத்திட்டியே!"

"பைத்தியமா உனக்கு? அண்ணியோட அலமாரி..."

"அலமாரியாவது மண்ணாவது! அதெல்லாம் அவ கடைக் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு. இங்க இருந்தது செஸ்ஸுடி!"

கையை உதறிக்கொண்டு அவனைப் பார்த்தேன். அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. அண்ணி ராத்திரி படுக்கப்போகும் முன் ஒரு காயை நகர்த்திவிட்டுக் கம்ப்யூட்டரைத் தூங்க வைப்பாள். காலையில் இவன் வந்து, வானிலை என்று என்னிடம் புளுகிவிட்டு, பதிலுக்கு ஒரு காயை நகர்த்தித் தூங்க வைப்பான். மாதக்கணக்காக ஒரே ஆட்டம். தோற்றவர் வருஷம் முழுக்கப் பாத்ரூம் கழுவ வேண்டும் என்று பந்தயம். அண்ணியிடம் அவன் அதுவரை தோற்றதே இல்லை. இந்த முறை அண்ணி அவனை மூலையில் தள்ளிவிட்டாள். அன்று காலையில் வந்து பார்த்தவன், தப்பிக்க வழி தெரியாமல், காயை நகர்த்தாமலே போய்ப் படுத்துவிட்டான்.

"என்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"உன்கிட்ட சொன்னா, ஒவ்வொரு காய்க்கும் நீ வர்ணனை சொல்லுவ. வீட்டுக்குள்ள ரேடியோவை வச்சுக்கிட்டு வேற என்ன பண்றது?"

சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, வெறும் பலகையைப் பார்த்தான். ஆட்டம் கொஞ்சம் அடங்கியிருந்தது.

"நானும் அவளும் முகம் பார்த்து நிதானமா பேசி எவ்வளவு நாள் ஆச்சு தெரியுமா?" என்றான். "லீவு நாள்ல நான் தூங்குறேன், அவ துணி துவைக்கிறா. இதுலதான் பேச்சு. கோபமா இருந்தா என் குதிரையை வெட்டியிருப்பா. மனசு நல்லா இருந்தா ஒரு சிப்பாயைச் சும்மா ஒரு கட்டம் தள்ளி வச்சிருப்பா. வந்து பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சிடும், ராத்திரி எப்படி இருந்தான்னு."

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அலமாரியைக் கலைத்திருந்தால்கூடத் திரும்ப வரைந்துவிடலாம். மாதக்கணக்கான பேச்சை அல்லவா கலைத்திருக்கிறேன்!

கதவு திறந்தது. அண்ணி. நான் அனுப்பினேனா இல்லையா என்று தெரியாமல் வேலை ஓடவில்லையாம், சொல்லிவிட்டுச் சீக்கிரமே வந்துவிட்டாள்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன் அண்ணி," என்று போய்க் கட்டிக்கொண்டேன்.

அண்ணன் உடனே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். "பாவம், இவ கலைச்சிட்டா. நான் ஜெயிக்க வேண்டிய ஆட்டம்."

"எது? நீங்க ஜெயிக்க வேண்டிய ஆட்டமா?" அண்ணி கைப்பையை மேஜைமேல் வைத்தாள், வைத்தாள் என்பதைவிட அடித்தாள் என்று சொல்லலாம். "வாய் கூசலை? ராணியைப் பறிகொடுத்துட்டு ராஜா மூலையில நடுங்கிட்டு இருந்தாரு!"

"ராணி உயிரோடதான் இருந்தா."

"செத்தா! என் குதிரை வெட்டிச்சு!"

"எந்தக் குதிரை? உன் குதிரைதான் முன்னாடியே போச்சே."

"ஒண்ணு போச்சு. ரெண்டாவது குதிரை!"

பாட்டில் மூடிகளையும் பொத்தான்களையும் மேஜைமேல் வைத்து ஆட்டத்தைத் திரும்ப அமைக்கப் பார்த்தார்கள். ஒரு மூடி வைத்தால் ஒரு சண்டை. அண்ணன் வெட்கமே இல்லாமல் செத்த காய்களை எல்லாம் உயிரோடு எழுப்பிக்கொண்டிருந்தான். அண்ணிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "போகட்டும் விடுங்க. முதல் தடவை ஜெயிக்க இருந்தேன், அவ்வளவுதான்," என்று மூடிகளை ஒதுக்கிவிட்டாள். எனக்கு அவள்மேல் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

"சேமின்னு ஒரு பொத்தான் இருக்கு அண்ணி! எத்தனை தடவை தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்! ஒரு தடவை அமுக்கியிருந்தா, நேரா கூடத்துல வந்து..."

சொல்லிக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றேன். கூடம். ஆட்டம் என்ற பெயரில் கிடந்த குப்பை.

அண்ணனைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். கைப்பழக்கத்தில் என் பக்கத்தையே திறந்தேன். கூடத்துக்குள் போனேன். 'ஆட்டம்', கடைசியாக மாறியது நேற்று ராத்திரி. அண்ணி சேமிக்காவிட்டால் என்ன, அந்த செஸ் மென்பொருளுக்குப் பொறுப்பு இருந்திருக்கிறது. ஒவ்வொரு காய் நகர்ந்ததும் அதுவே சத்தமில்லாமல் எழுதி வைத்திருக்கிறது. எல்லாம் கூடத்துக்கு வரும்படி நான் அமைத்து வைத்திருந்ததால் இதுவும் அங்கேயே வந்து விழுந்திருக்கிறது. என் பக்கத்திலும் ஒரு செஸ் இருந்தது, நான் ஒரு நாளும் தொட்டதில்லை. அதில் திறந்தேன்.

பலகை வந்தது. காய்களின் உருவம் வேறு, நிறம் வேறு. ஆனால் எல்லாக் காயும் நின்ற இடத்தில் நின்றது. ராஜா மூலையில் இருந்தார். ராணி இல்லை. எதிரே இரண்டாவது குதிரை கம்பீரமாக நின்றது.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

"நகருங்க," என்றாள் அண்ணி என்னிடம். அவசரத்தில் எனக்கே மரியாதை வந்துவிட்டது. பென்குவின் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று எப்போதும் சொல்லி வந்தவள் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். அண்ணன் பெருமூச்சு விட்டு ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினான். அண்ணி யானையைக் கொண்டுவந்து வைத்தாள். அவன் வழி மறிக்க ஒரு சிப்பாயைத் தள்ளினான். அண்ணி குதிரையைத் தூக்கி வைத்தாள்.

"செக்மேட்!" என்று கத்தியது நான்தான். இருக்கிற குரல் முழுவதையும் அதில் வைத்தேன். கீழ் மாடிக்காரர் என்ன ஆச்சு என்று மாடிப்படியில் வந்து கேட்டார்.

"பிரஷ் பாத்ரூம் கதவுக்குப் பின்னாடி இருக்கு," என்றாள் அண்ணி, கணவனைப் பார்த்து. அவன் அவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் தோற்றவன் யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அப்புறம் பேக்கரிக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினான். அண்ணி ஜன்னலில் நின்று, அவன் தெரு திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் போல ஆயிற்று. ஒரு பகலில் போன் வந்தது. பஸ் அலுவலகத்துப் பெண் மேலாளர்.

"உங்க பதிவு எல்லாம் கேட்டோம். ரொம்ப நல்லா இருக்கு. ஒரு இடத்துல மட்டும்..." என்று நிறுத்தினார். "'தண்ணீர்த் தொட்டி'யில மட்டும் யாரையோ உலுக்கி எழுப்புற மாதிரி இருக்கே?"

மாத்திரை கம்பெனியின் கண்ணாடிச் சுவர் கண்ணுக்கு முன்னால் வந்தது. "மாத்திப் பேசித் தர்றேன் மேடம். இன்னைக்கே தர்றேன்."

"ஐயோ, வேண்டாம் வேண்டாம். இங்க போட்டுக் கேட்டப்போ, சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டிருந்த எங்க உதவியாளர் எழுந்து நின்னுட்டாரு. அப்படியே இருக்கட்டும். எப்ப வந்து கையெழுத்துப் போடுறீங்க?"

கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த அண்ணனைப் போய் உலுக்கினேன். "கிடைச்சிடுச்சு!" என்று கத்தினேன். "சரி சரி, ரொட்டி வெந்துடுச்சு" என்று உளறிவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

என் குரல் முதன்முதலாகப் பஸ்ஸில் ஏறிய காலையில், நான் விடிவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தேன். அண்ணி குளித்து, உடை மாற்றி, சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். அவள் கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மாடிப்படியில் யாரோ ஏறி வருகிற சத்தம் கேட்டது. அந்த நேரத்துக்கு எங்கள் வீட்டுக்கு யாரும் வருவதில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணன் நின்றான். தலைமுடியில் மாவு. கண்கள் சிவந்திருந்தன, ஆனால் திறந்திருந்தன.

"ஏய் ரேடியோ! பஸ்லயும் என்னை நிம்மதியா தூங்க விட மாட்டியா?" என்றான். "தூக்கிவாரிப் போட்டு எழுந்து, ஸ்கூலுக்கு லேட்டாயிடுச்சுன்னு நினைச்சு இறங்கிட்டேன். இறங்கின அப்புறம்தான் பார்க்கிறேன், தண்ணீர்த் தொட்டி!"

அண்ணி டப்பாவைக் கீழே வைத்தாள். "வந்துட்டீங்களா," என்று மட்டும் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீ போட்டு இரண்டு கோப்பைகளில் கொண்டுவந்தாள். எனக்கு டீ இல்லை என்பது அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

நான் கம்ப்யூட்டரை முறையாகச் சாத்தி, மேஜையில் இடம் செய்து கொடுத்தேன். அண்ணி அலமாரியிலிருந்து ஒரு மரச் செஸ் பலகையை எடுத்து வைத்தாள், கடையில் மிஞ்சிய மரத்தில் தானே செய்துகொண்டு வந்தது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து காய்களை அடுக்கினார்கள். அண்ணன் பேக்கரிக் கதை சொன்னான், அண்ணி மரக்கடைக் கதை சொன்னாள். பேச்சுக்கு நடுவே அவன் ஒரு சிப்பாயைத் தள்ளினான். அவள் ஒரு சிப்பாயைத் தள்ளினாள். அவன் அடுத்த காயை யோசித்தான். ரொம்ப யோசித்தான். பார்த்தால், கையில் குதிரையோடு தூங்கிவிட்டிருந்தான். தலை மேஜையில் இருந்தது, மூக்கு பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு வந்ததே கோபம். இதற்குத்தானா புடவைகளுக்குள் முகத்தைப் புதைத்துப் பேசினேன்? அவன் தலைமாட்டில் போய் நின்று, மூச்சை நன்றாக இழுத்தேன்.

அண்ணி உதட்டில் விரலை வைத்தாள். திரையின் ஓரத்தில் நான் ஒட்டியிருந்த சீட்டை மெதுவாக உரித்து மடித்து என் கையில் கொடுத்தாள். "தூங்கட்டும் விடு," என்று கிசுகிசுத்தாள். அவன் தலைமுடியிலிருந்த மாவை விரலால் தட்டிவிட்டபடி, வேலைக்குக் கிளம்பும்வரை அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து டீயைக் குடித்தாள். அவ்வளவு நேரமும் நான் வாயைத் திறக்கவில்லை.